வீட்டுத்தோட்டத் தக்காளியில் மண்வழி வாடல்: நோய்க்காரணியைப் பிரித்தறிதலும் மண் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுத்தோட்டங்களிலும் மாடித்தோட்டங்களிலும் வளர்க்கப்படும் தக்காளிச் செடிகள் காய்க்கும் பருவத்தில் திடீரென வாடி மடிவது பரவலாகக் காணப்படுகிறது. இவ்வாடலுக்கு மண்ணில் வாழும் பல்வேறு நோய்க்காரணிகள் காரணமாகின்றன. அவற்றின் இயல்பும் உயிர்வாழும் முறையும் வேறுபடுவதால், ஒன்றைக் குறைக்கும் செயல் மற்றொன்றைப் பெருக்கவும் கூடும். எனவே, மருந்தைத் தேர்வதற்கு முன் நோய்க்காரணியைப் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பதையும், மேலாண்மையின் இலக்கு வாடிய செடியன்று, அதனைத் தாங்கிய மண்ணே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டளவில் செய்யத்தக்க எளிய சோதனைகள், வெப்பமூட்டல், பயிர்ச்சுழற்சி, எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகள், ஒட்டுச்செடி, உயிரியல் காரணிகள் ஆகியவற்றின் பயனும் எல்லையும் தமிழகத் தட்பவெப்பத்தோடு பொருத்தி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தக்காளி, மண்வழி நோய், வாடல், நூற்புழு, சூரிய வெப்பமூட்டல், ஒட்டுச்செடி, மாடித்தோட்டம்

முன்னுரை

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட தக்காளி, ஐரோப்பியர் வழியே இந்தியாவுக்கு வந்து, இன்று தமிழரின் அன்றாடச் சமையலில் நீங்கா இடம் பெற்றுள்ளது. வீட்டில் காய்கறி வளர்க்கத் தொடங்குவோர் முதலில் தேர்ந்தெடுக்கும் செடிகளுள் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் முன்னிற்கின்றன. இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தவை. எனவே, இவற்றைத் தாக்கும் மண்வழி நோய்க்காரணிகளும் பெரும்பாலும் பொதுவானவை.

வயலில் ஒரு பயிர் நோயுற்றால் உழவர் அடுத்த பருவத்தில் நெல்லுக்கோ சோளத்துக்கோ மாற வாய்ப்புண்டு. மாடியில் பத்துப் பைகளும் ஐந்து தொட்டிகளும் வைத்திருப்பவருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. அவர் அதே மண்ணைக் கிளறி, உரமிட்டு, மீண்டும் தக்காளியையோ கத்தரியையோ நடுகிறார். இதனால் முதல் ஆண்டில் ஒரு செடியில் தோன்றிய நோய் சில பருவங்களில் தோட்டம் முழுவதையும் பற்றுகிறது. ஆனால், மண்ணின் அளவு குறைவாக இருப்பதே வீட்டுத்தோட்டத்தின் வலிமையும் ஆகும். ஒரு ஏக்கர் நிலத்தின் மண்ணைச் சூடாக்கவோ மாற்றவோ இயலாது. ஒரு பையின் மண்ணை இயலும். இவ்விரு உண்மைகளையும் அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. வாடல்: அறிகுறியின் பெயர்

நோய்களைக் குறிக்கப் பேச்சுவழக்கில் கையாளப்படும் சொற்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து பிறந்தவை. ‘வாடல்’, ‘வேரழுகல்’, ‘தண்டழுகல்’ என்பன அத்தகையவை. ‘வாடல்’ என்பது வேர் உறிஞ்சிய நீர் இலையைச் சென்றடையவில்லை என்பதை மட்டுமே உணர்த்துகிறது. நீர்க்குழாய்த் திசு அடைபட்டிருக்கலாம், தண்டின் அடிப்பட்டை அழுகியிருக்கலாம், வேர் உருக்குலைந்திருக்கலாம், நோயே இல்லாமல் நண்பகல் வெயிலில் நீர் பற்றாமலும் இருக்கலாம். இந்நான்கும் இலையில் ஏறத்தாழ ஒரே தோற்றத்தையே தருகின்றன.

ஒரே சொல் பல காரணங்களைக் குறிப்பதால் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்னும் எண்ணம் எளிதில் உருவாகிறது. வாடிய செடிக்குத் தாமிரக் கலவையை ஊற்றுவதும், வேப்பம் பிண்ணாக்கைத் தூவுவதும், நீரை மிகுதியாக விடுவதும் இவ்வெண்ணத்தின் விளைவுகளே. இவை சில வேளைகளில் பயன் தருகின்றன. பல வேளைகளில் தருவதில்லை. இந்த முரணுக்குக் காரணம் மருந்தின் தரமன்று, நோய்க்காரணியின் வேறுபாடே.

2. ஐவகை நோய்க்காரணிகள்

2.1. பாக்டீரியா வாடல்

இதனை உண்டாக்குவது ரால்ஸ்டோனியா என்னும் பேரினத்தைச் சார்ந்த பாக்டீரியா. அமெரிக்க அறிஞர் எர்வின் எஃப். ஸ்மித் 1896இல் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் இந்நோயை விளக்கினார். ரால்ஸ்டோனியா சோலனாசீரம் என நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இது, 2014இல் மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும் இப்பாக்டீரியா, வேரிலுள்ள காயங்கள் வழியாகவும் பக்கவேர் கிளைக்கும் இடங்களின் வழியாகவும் நுழைந்து, நீர்க்குழாய்த் திசுவில் பெருகி, பசைபோன்ற சர்க்கரைப் பொருளைச் சுரக்கிறது. அப்பசை நீரோட்டத்தை அடைக்கிறது. இலைகள் மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்குவதும், ஓரிரு நாட்களில் செடி முழுவதும் சாய்வதும் இதன் தனி அடையாளங்கள். வெப்பமும் ஈரமும் இணைந்த சூழல் இதற்கு மிகவும் உகந்தது.

2.2. ஃபியூசேரியம் வாடல்

ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூசணத்தில் தக்காளிக்கெனத் தனிப்பட்ட ஒரு வடிவம் இந்நோயைத் தோற்றுவிக்கிறது. அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் செடியின் ஒரு பக்கமோ, ஓர் இலையின் ஒரு பாதியோ மட்டும் மஞ்சளாவது குறிப்பிடத்தக்கது. வாடல் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மெல்ல முன்னேறுகிறது. தண்டை நெடுக்காகப் பிளந்தால் நீர்க்குழாய்ப் பகுதி பழுப்புநிறக் கோடாகத் தெரியும். இப்பூசணம் தடித்த சுவருடைய உறங்கு வித்துகளை உருவாக்குவதால், தக்காளியே நடப்படாத மண்ணிலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கிறது.

2.3. ஸ்கிளிரோஷியம் தண்டழுகல்

மண்மட்டத்தில் தண்டின் அடிப்பகுதி பழுப்பாகி அழுகுவதும், அதன்மேலும் சுற்றியுள்ள மண்ணிலும் வெண்பஞ்சு போன்ற பூசண இழைகள் விசிறிபோலப் படர்வதும் இந்நோயின் அடையாளங்கள். சில நாட்களில் அவ்விழைகளின்மேல் கடுகைப் போன்ற உருண்டைகள் தோன்றுகின்றன. முதலில் வெண்மையாகவும் பின்னர்ப் பழுப்பாகவும் மாறும் இவ்வுருண்டைகளே பூசணம் அடுத்த பருவம்வரை உறங்கிக் கிடக்கும் வடிவம். ஃபுளோரிடாவில் தக்காளியில் இந்நோயை 1892இல் பதிவுசெய்த பீட்டர் ஹென்றி ரோல்ஃப்ஸ் என்பவரின் பெயராலேயே இப்பூசணம் ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி எனப்படுகிறது. நிலக்கடலை உட்பட நூற்றுக்கணக்கான தாவரங்களை இது தாக்குகிறது.

2.4. நாற்றழுகல்

பித்தியம் முதலிய நீர்விரும்பி நுண்ணுயிர்கள் முளைக்கும் விதையையும் இளநாற்றையும் தாக்குகின்றன. நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து, மெலிந்து, மடிந்து விழுகிறது. நெருக்கமான விதைப்பும் வடியாத நீரும் இதனைத் தூண்டுகின்றன. தண்டு முற்றிய செடிகளில் இது அரிதாகவே உயிரிழப்பை ஏற்படுத்துகிறது.

2.5. வேர்முடிச்சு நூற்புழு

மெலாய்டோகைனி என்னும் பேரினத்தைச் சார்ந்த நுண்புழுக்கள் வேருக்குள் புகுந்து, அங்கேயே தங்கி, வேரணுக்களைப் பெருக்கச் செய்கின்றன. அதனால் வேரெங்கும் மணிமணியாக முடிச்சுகள் உண்டாகின்றன. பெண்புழு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை நிறைவுறுகிறது. செடி உடனே மடிவதில்லை. வளர்ச்சி குன்றி, வெளிறி, நண்பகலில் வாடி, மாலையில் மீள்கிறது. நூற்புழு துளைத்த வேரில் பாக்டீரியாவும் ஃபியூசேரியமும் எளிதில் நுழைவதால், இது தனி நோயாகவும் பிற நோய்களின் வாயிலாகவும் விளங்குகிறது.

3. வீட்டளவில் பிரித்தறியும் முறை

ஆய்வகக் கருவிகள் இன்றியே மேற்கண்டவற்றைப் பெருமளவு பிரித்தறிய இயலும். அதற்கு வாடிய செடிகளுள் ஒன்றை வேருடன் எடுத்து ஆராய வேண்டும். செடியைப் பிடித்து இழுத்தால் நுண்வேர்கள் அறுந்து முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஆதலால் பையையோ தொட்டியையோ கவிழ்த்து மண்ணுடன் எடுத்து, வேரை நீரில் அலசுதல் நன்று. ஆய்வு பின்வரும் வரிசையில் அமையலாம்.

முதலாவதாக, வாடல் மாலையில் மீள்கிறதா என்பதை இரண்டு மூன்று நாட்கள் நோக்க வேண்டும். மண்ணில் போதிய ஈரமிருந்தும் காலையிலேயே செடி வாடியிருந்தால் நோயென ஐயுறலாம்.

இரண்டாவதாக, மண்மட்டத் தண்டைப் பார்க்க வேண்டும். வெண்ணிற இழையும் கடுகு போன்ற உருண்டைகளும் இருப்பின் அது ஸ்கிளிரோஷியம்.

மூன்றாவதாக, அலசிய வேரைப் பார்க்க வேண்டும். முடிச்சுகள் இருப்பின் அது நூற்புழு. பயறுவகைச் செடிகளின் வேரில் நன்மை செய்யும் முண்டுகள் இயல்பாகவே உண்டு. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், எளிதில் உதிரும். தக்காளியில் அத்தகைய முண்டுகள் உண்டாவதில்லை. தக்காளி வேரே பருத்து முடிச்சாகியிருப்பின் அதனை நன்மை தருவதாகக் கருதுதல் பிழை.

நான்காவதாக, மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, விரல்நீளத் துண்டு ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் அதன் வெட்டுமுனை மட்டும் மூழ்குமாறு அசையாமல் தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிழைகள் நீரில் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நீர்க்குழாய்ப் பகுதி பழுப்பாக இருந்தும் வெண்ணிழை இறங்கவில்லையெனில் ஃபியூசேரியம் என்று கொள்ளலாம்.

ஒரே செடியில் இரு காரணிகள் சேர்ந்திருப்பதும் உண்டு. குறிப்பாக, முடிச்சு கண்ட செடியையும் நீர்ச்சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சோதனைக்குப் பின் அந்நீரை வடிகாலிலோ தோட்ட மண்ணிலோ கொட்டாமல், கொதிக்கவைத்து அப்புறப்படுத்துவது பாதுகாப்பானது.

4. வாடிய செடியை மீட்க இயலாமை

வாடல் வெளிப்படும்போது நோய்க்காரணி செடிக்குள் பெருகி முடித்திருக்கிறது. நீர்க்குழாய்த் திசுவினுள் இருக்கும் பாக்டீரியாவையோ பூசணத்தையோ வேர்ப்பகுதியில் ஊற்றப்படும் தாமிரக் கலவை சென்று அடைவதில்லை. தாமிரம் செடியின் புறத்தே நின்று காப்பது. உள்ளே சென்று குணப்படுத்துவதன்று. நாற்றழுகலில் அது பயன்படுவதும், முற்றிய செடியின் வாடலில் பயன்படாததும் இதனால்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வீட்டுத்தோட்டத்தில் பயன்படுத்துவது நிலையான பயன் தருவதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகவும் வழிவகுக்கிறது.

எனவே, பாக்டீரியா வாடலோ ஃபியூசேரியம் வாடலோ உறுதிப்பட்ட செடியை அன்றே அகற்றுவதே முறை. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் வேரிலிருந்து நோய்க்காரணி மண்ணில் கலக்கிறது. அகற்றிய செடியை வீட்டு மட்குத் தொட்டியில் இடுதல் கூடாது. பெரிய குவியல்களில் உண்டாகும் உள்வெப்பம் சிறு மட்குத் தொட்டியில் எல்லாப் பகுதிகளிலும் உண்டாவதில்லை; நோய்க்காரணி தப்பிப் பிழைத்து, உரமாக எல்லாத் தொட்டிகளுக்கும் பரவுகிறது. செடியை ஒளிபுகும் நெகிழிப்பையில் இறுகக் கட்டிச் சில வாரங்கள் கடும் வெயிலில் வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

நூற்புழு தாக்கிய செடிக்கு மட்டும் இவ்விதியில் ஓரளவு விலக்குண்டு. ஏற்கெனவே காய்த்துள்ள செடியைச் சீரான நீராலும் மட்கு மூடாக்காலும் அறுவடைவரை தாங்கவைக்கலாம். எனினும் அதன் வேரை முழுமையாக எடுத்தழிக்க வேண்டும்.

5. ஒன்றைக் குறைப்பது மற்றொன்றைப் பெருக்குதல்

பிரித்தறிதலின் தேவை பயிர்ச்சுழற்சியில் தெளிவாக வெளிப்படுகிறது. தக்காளிக்குப் பின் கத்தரியோ மிளகாயோ நடுவது, செடி மாறினும் குடும்பம் மாறாத சுழற்சி. பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் பொறுத்தவரை அது சுழற்சியே அன்று. தக்காளிக்குப் பின் வெண்டையை நடலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. ஃபியூசேரியம் கண்ட மண்ணுக்கு அது பொருந்தும்; அப்பூசணத்தின் தக்காளி வடிவம் வெண்டையை வாடச் செய்வதில்லை. ஆனால், வேர்முடிச்சு நூற்புழு வெண்டையை மிக விரும்பித் தாக்குகிறது. முடிச்சு கண்ட மண்ணில் வெண்டையை நடுவது நூற்புழுவை வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

நிலக்கடலையும் அவ்வாறே. மண்வளம் பெருக்கும் பயிரென நடப்படும் அது, ஸ்கிளிரோஷியத்துக்கும் பாக்டீரியா வாடலுக்கும் இடந்தரக்கூடியது. மக்காச்சோளம் முதலிய புல்லினப் பயிர்கள் பாக்டீரியா வாடலும் ஸ்கிளிரோஷியமும் கண்ட மண்ணுக்கு ஏற்றவை. நூற்புழு மிகுந்த மண்ணில் செண்டுமல்லி பயன் தருகிறது. அதன் வேரில் உள்ள நச்சுப்பொருள் நூற்புழுவுக்குப் பகையானது. எனினும் தக்காளியின் அருகே ஓரிரு செண்டுமல்லிச் செடிகளை வைப்பதால் போதிய பயன் விளைவதில்லை. அந்த மண் முழுவதும் அதன் வேர் பரவுமாறு இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் தனிப்பயிராக வளர்க்க வேண்டும்.

உரத்திலும் இம்முரண் உண்டு. அம்மோனிய வடிவத் தழைச்சத்தும் அமிலத்தன்மையும் ஃபியூசேரியம் வாடலை மிகுவிக்கின்றன. நைட்ரேட் வடிவத் தழைச்சத்தும், சுண்ணாம்பிட்டுக் கார அமிலக் குறியீட்டை 6.5 முதல் 7 வரை உயர்த்துவதும் அதனைக் குறைக்கின்றன. ஆனால், ஸ்கிளிரோஷியத்தின் கடுகுருண்டைகள் முளைப்பதை அம்மோனியா தடுக்கிறது. மண்ணைப் புரட்டுதலும் அத்தகையதே. மேற்பரப்பில் கிடக்கும் கடுகுருண்டைகளை ஆழத்தில் புதைப்பது ஸ்கிளிரோஷியத்தை ஒடுக்குகிறது. அதே புரட்டல் நூற்புழு முட்டைகளையும் பாக்டீரியாவையும் மண் முழுவதும் கலந்துவிடுகிறது.

6. மண்ணை வெப்பமூட்டல்

ஐவகைக் காரணிகளுக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய முறை வெப்பமே. ஈரமான மண் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் இருந்தால் தாவர நோய்க்காரணிகளுள் பெரும்பாலானவை மடிகின்றன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கென்னத் பேக்கர் 1957இல் பதிப்பித்த தொட்டிச்செடி வளர்ப்புக் கையேடு இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. வெப்பம் அளவு கடந்தால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழிகின்றன; மாங்கனீசும் அம்மோனியாவும் நச்சளவில் வெளிப்படுகின்றன. ஆகவே மிகுவெப்பம் மிகுபயன் தருமென எண்ணுதல் கூடாது.

நாற்றுத் தட்டுக்குத் தேவையான சிறிதளவு மண்ணை ஆவியில் வேகவைக்கலாம். மண்ணின் நடுப்பகுதியில் வெப்பமானி வைத்து அளந்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். கொதிநீரை நேரடியாக மண்ணில் ஊற்றும் வழக்கம் நம்பத்தக்கதன்று. நீர் மண்ணில் இறங்குகையிலேயே வெப்பத்தை இழக்கிறது. அடியிலும் ஓரத்திலும் உள்ள நோய்க்காரணிகள் தப்புகின்றன.

மிகுதியான மண்ணுக்குச் சூரிய வெப்பமூட்டல் ஏற்றது. இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு வழிவகுத்தது. ஈரமாக்கிய நிலத்தை மெல்லிய ஒளிபுகும் பாலித்தீன் விரிப்பால் மூடி, கோடையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவிடுதலே இம்முறை. இதில் கருநிற விரிப்பைக் காட்டிலும் ஒளிபுகும் விரிப்பே சிறந்தது. கருநிற விரிப்பு வெப்பத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஒளிபுகும் விரிப்போ வெயிலை மண்ணுக்குள் செலுத்தி வெப்பத்தை அங்கே தங்கவைக்கிறது. ஈரம் வெப்பத்தை மண்ணின் அடிவரை கடத்துவதோடு, உறங்கும் வித்துகளை விழிக்கச்செய்து வெப்பத்துக்கு இரையாக்குகிறது.

தரையிலுள்ள பாத்தியில் மேல்மண் சூடாவதுபோல் அடிமண் சூடாவதில்லை. அதனால் ஆழத்திலுள்ள நூற்புழுவும் பாக்டீரியாவும் எஞ்சுகின்றன. பையிலுள்ள மண்ணுக்கு இக்குறை இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாடித்தளத்தின்மேல், ஒளிபுகும் பைகளில் ஈரமண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி மூடினால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் வெப்பம் ஏறுகிறது. இரண்டு அடுக்கு விரிப்பு இன்னும் சிறந்தது. கலிஃபோர்னியாவில் நாற்றங்கால் தொட்டிமண்ணைச் சூரிய வெப்பத்தால் தூய்மையாக்க 70 டிகிரியில் 30 நிமிடங்கள் அல்லது 60 டிகிரியில் ஒரு மணிநேரம் என்னும் அளவு ஏற்கப்பட்டுள்ளது. மாடியிலும் மண்ணின் நடுவெப்பத்தை அளந்து இவ்வளவை எட்டியதா என அறியலாம். எட்டாவிடில் பல வாரங்கள் தொடர வேண்டும்.

7. எதிர்ப்புத்திறனும் ஒட்டுச்செடியும்

மிசௌரியில் போன், டக்கர் என்னும் அறிஞர்கள் காட்டுத்தக்காளி ஒன்றில் ஃபியூசேரியத்துக்கு எதிரான மரபணுவைக் கண்டு 1939இல் அறிவித்ததிலிருந்து எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளின் உருவாக்கம் விரிவடைந்தது. பூசணமும் மாறியது, இன்று அதற்கு மூன்று இனவகைகள் அறியப்பட்டுள்ளன. ஓர் இனவகையை எதிர்க்கும் தக்காளி மற்றொன்றுக்கு இரையாகலாம்.

இந்தியச் சூழலில் பாக்டீரியா வாடலைத் தாங்கும் வகைகளாகக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ஆகியனவும், பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஆபா, அர்கா ரக்ஷக் முதலியனவும் குறிப்பிடத்தக்கவை. இவை பாக்டீரியா வாடலைத் தாங்குவதால் நூற்புழுவையும் தாங்கும் எனக் கொள்ளுதல் கூடாது.

நூற்புழு எதிர்ப்பில் மற்றொரு நுட்பம் உண்டு. பெரும்பாலான எதிர்ப்பு வகைகள், சொலானம் பெருவியானம் என்னும் காட்டினத்திலிருந்து பெறப்பட்ட எம்.ஐ. எனப்படும் மரபணுவையே சார்ந்துள்ளன. மண்வெப்பம் 28 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது இம்மரபணுவின் செயல் குன்றுகிறது. தமிழகக் கோடையில் மாடியிலுள்ள பையின் மண் இவ்வெல்லையை எளிதில் தாண்டும். எனவே, குளிர்நாட்டு விதையுறையில் காணப்படும் நூற்புழு எதிர்ப்புக் குறியீடு இங்கே உரிய பயனைத் தராமல் போகலாம்.

ஒட்டுச்செடி இவ்விடர்ப்பாட்டைக் கடக்க உதவும் வழி. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம், வெப்பமும் மழையும் மிகுந்த பருவத்தில் தக்காளி வளர்ப்போருக்கு ஈ.ஜி. 195, ஈ.ஜி. 203 ஆகிய கத்தரி வேர்ச்செடிகளையும், ஹவாய் 7996 என்னும் தக்காளி வேர்ச்செடியையும் பரிந்துரைத்துள்ளது. கத்தரி வேர் நீர்தேங்கலையும் தாங்குவதால் வடகிழக்குப் பருவமழைக்கு ஏற்றது. கத்தரிக்குச் சுண்டை வேர்ச்செடியாகப் பயன்படுவதும் தமிழகத்தில் அறியப்பட்டதே. கத்தரி நாற்று மெல்ல வளர்வதால் தக்காளியைவிடச் சில நாட்கள் முன்னதாக விதைக்க வேண்டும். தண்டுகள் ஒரே பருமனாகும்போது இரண்டையும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, சிறு குழாயால் இணைத்து, ஈரக்காற்று நிறைந்த நிழலில் சில நாட்கள் வைத்துப் பின்னர்ப் படிப்படியாக வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும்.

நடும்போது ஒட்டுமுனை மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். தக்காளித் தண்டை ஆழப் புதைத்தால் அதிலிருந்து புதுவேர் விடும் என்பதால் ஆழ நடுதல் பொதுவாக நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. ஒட்டுச்செடியில் அப்பழக்கம் கேடானது. மேற்செடியின் வேர் மண்ணைத் தொட்டால் நோய்க்காரணிக்கு நேர்வழி திறக்கிறது. ஒட்டின் நோக்கமே வீணாகிறது.

8. உயிரியல் காரணிகளின் இடம்

டிரைக்கோடெர்மா என்னும் பூசணம் பிற பூசணங்களைச் சுற்றிப்படர்ந்து உண்பதை வைண்ட்லிங் 1932இல் விளக்கினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் 10 கிராம் என்னும் அளவு இடம்பெறுகிறது. நிலத்தில் இடுவதற்கு எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துடன் கலப்பது வழக்கம். இதே விகிதத்தில், வீட்டளவில் ஒரு கிலோ மட்கிய தொழுவுரத்துக்கு 50 கிராம் போதும்.

இக்காரணிகள் காப்பனவே அன்றி மீட்பன அல்ல. மண்ணில் அவை முன்னரே குடியேறியிருந்தால் வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் நோய்க்காரணிக்கு விடாமல் தடுக்கின்றன. வெப்பமூட்டிய மண் உயிர்கள் குறைந்த வெற்றிடமாக இருப்பதால், அதில் முதலில் நுழைவது எதுவோ அதுவே ஆட்சி பெறும். எனவே, வெப்பமூட்டல் முடிந்து மண் ஆறிய பின்னர் இவற்றை இடுவதே பொருத்தம்; முன்னர் இட்டால் வெப்பத்தில் இவையும் மடியும். பூசணக்கொல்லியையோ தாமிரக் கலவையையோ இவற்றோடு சேர்த்து இடுவதும் தவிர்க்கத்தக்கது. பூசண நோய்களில் டிரைக்கோடெர்மாவின் பயன் தெளிவானது. பாக்டீரியா வாடலில் அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வேப்பம் பிண்ணாக்கு நூற்புழுவைக் குறைப்பதில் துணைசெய்கிறது.

9. பரவலைத் தடுக்கும் ஒழுங்கு

தூய்மையாக்கிய மண்ணில் நோய்க்காரணி மீண்டும் நுழையும் வழிகள் நான்கு: நாற்று, நீர், கருவி, புதுமண். வெளியிலிருந்து வாங்கும் நாற்றின் வேரை நடுமுன் பார்த்தல் வேண்டும். முடிச்சுள்ள ஒரு நாற்று முழுத் தோட்டத்துக்கும் நூற்புழுவைக் கொண்டுவரும். ஒரு பையிலிருந்து வடியும் நீர் அடுத்த பையின் அடியில் தேங்காதவாறு பைகளைச் செங்கல்மேலோ தாங்கியின்மேலோ உயர்த்தி வைப்பது பாக்டீரியா பரவலைப் பெரிதும் குறைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் இது கட்டாயமாகும். நோயுற்ற செடியில் பயன்படுத்திய கத்தியையும் கைக்கொத்தையும் கழுவி, எரிசாராயத்தாலோ நீர்த்த வெளுப்பானாலோ தூய்மையாக்கிய பின்பே அடுத்த செடியைத் தொட வேண்டும். அகற்றிய செடியின் மண்ணைப் பிற பைகளுக்குப் பகிர்ந்தளிப்பது முற்றிலும் தவிர்க்கத்தக்கது.

ஸ்கிளிரோஷியத்துக்கு மட்டும் உரிய எளிய காப்பு ஒன்றுண்டு. நடும்போது தண்டின் அடியை, மண்ணுக்குக் கீழும் மேலுமாகச் சில செண்டிமீட்டர் வரை, அலுமினியத் தாளால் சுற்றினால் பூசண இழை தண்டைத் தொட இயலாது.

இவற்றை ஆண்டின் ஒழுங்கில் அமைக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பழைய மண்ணை வெப்பமூட்டல். சூன் மாதத்தில் தொழுவுரமும் உயிரியல் காரணிகளும் கலந்து பதப்படுத்தல். ஆடிப்பட்டத்தில் நலமான நாற்றையோ ஒட்டுச்செடியையோ நடுதல். மழைக்காலத்தில் வடிகால் காத்தல். வாடல் கண்டால் அன்றே சோதித்து அகற்றல். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு செடியின் வேரையும் அலசிப் பார்த்து, எந்தப் பையில் எந்நோய் இருந்தது எனக் குறித்துவைத்தல். இறுதியிற் கூறிய குறிப்பே அடுத்த ஆண்டில் எப்பையில் எதை நடுவது என்பதை முடிவுசெய்யும் ஆவணமாகும்.

முடிவுரை

வீட்டுத்தோட்டத் தக்காளியின் வாடல் ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுவான தோற்றம். அதனைப் பிரித்தறியாமல் மேற்கொள்ளும் மேலாண்மை, வெண்டையை நட்டு நூற்புழுவை வளர்ப்பதுபோல, எதிர்விளைவைத் தரக்கூடும். வாடிய செடியை மீட்கும் முயற்சியில் செலவிடும் நாட்கள் மண்ணில் நோய்க்காரணியைப் பெருக்கும் நாட்களாகின்றன. செடியை விரைந்து விட்டுக்கொடுத்து மண்ணைக் காப்பதே இழப்பைக் குறைக்கும் வழி.

பிரித்தறிதலுக்குத் தேவைப்படுவன ஒரு கத்தி, ஒரு கண்ணாடிக் குவளை, அலசுவதற்குச் சிறிது நீர் ஆகியன மட்டுமே. வெப்பமூட்டலுக்குத் தேவையான வெயில் தமிழகத்தில் குறைவின்றிக் கிடைக்கிறது. வேளாண் விரிவாக்கக் கட்டுரைகளும் பாடநூல்களும் ‘வாடல்’ என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல், பாக்டீரியா வாடல், ஃபியூசேரியம் வாடல், கடுகுருண்டைத் தண்டழுகல், வேர்முடிச்சு எனக் காரணி விளங்கும் சொற்களை வழக்கில் நிலைபெறச் செய்தால், அச்சொற்களே சரியான மேலாண்மைக்கு முதற்படியாக அமையும்.